வேண்டாம் என்று சொல்லத் தெரியாத பெட்டி

அவர் பேரை நான் எழுதப்போவதில்லை. எழுதினால் உங்களில் யாராவது கோவில்பட்டிப் பக்கம் போகும்போது அவரைத் தேடிப் போவீர்கள். அவரும் கம்ப்யூட்டரில் இருந்து தலையைத் தூக்காமலே "வாங்க, வாங்க" என்பார். டீ வரும். உங்கள் ஊர், பிள்ளைகள் படிப்பு, உங்கள் முதுகுவலி எல்லாவற்றையும் விசாரிப்பார். அன்றைக்கு முடிக்க வேண்டிய வேலை அப்படியே கிடக்கும். அவர் மனைவி பாவம், ஏற்கெனவே பட்டது போதும்.

நான் அவரை அண்ணாச்சி என்றுதான் கூப்பிட்டேன். உறவில்லை, முதலாளியும் இல்லை. என்னைவிட நாலைந்து வயது மூத்தவர், அவ்வளவுதான். இப்போது நான் ஓசூரில் இருக்கிறேன். அப்போது கோவில்பட்டியில் ஒரு உரக்கடை மாடியில் ரெண்டு பேரும் சேர்ந்து ஓர் அறை பிடித்து வெப்சைட் செய்து கொடுத்துக்கொண்டிருந்தோம். பார்க்க எப்படி இருக்க வேண்டும் என்பது என் பாடு. எப்படி ஓட வேண்டும் என்பது அவர் பாடு. தீப்பெட்டி ஆபீஸ்கள், கடலை மிட்டாய்க் கடைகள், ஒரு மெட்ரிக் பள்ளிக்கூடம், புதியம்புத்தூர் ரெடிமேட் தையல் யூனிட்டுகள், இவர்கள்தான் எங்கள் பார்ட்டிகள். படியேறும்போதே பூச்சிமருந்து நெடி மூக்கில் ஏறும். அதையும் தாண்டி யார் யாரோ ஏறி வந்துகொண்டே இருந்தார்கள். அவர் ஒருத்தரைக்கூட திருப்பி அனுப்பியதில்லை.

தண்ணீர் சுத்திகரிக்கிற மிஷின் விற்க ஒருத்தன் வந்தான். வாங்கிவிட்டார். அடுத்த மாதம் வேறு கம்பெனிக்காரன் வந்தான். அதையும் வாங்கிவிட்டார். இருந்ததே ரெண்டு பேர், ஆளுக்கொரு மிஷின்! ஒருநாள் புதூர் பக்கத்தில் இருந்து ஆடு வளர்க்கிற ஒரு மனிதர், ஆதார் கார்டில் பிறந்த தேதியைத் திருத்த வேண்டும் என்று மாடி மாறி ஏறி வந்துவிட்டார். "அது அடுத்த தெரு" என்று நான் சொல்லி வாய் மூடவில்லை, இவர் நாற்காலியை இழுத்துப் போட்டுவிட்டார். டீ, வடை, ஆட்டுக்கு வந்த நோய் பற்றிய பேச்சு. பிறகு அந்த ஆளைத் தன் பைக்கில் ஏற்றிக்கொண்டு போய் அந்த வரிசையிலும் கூடவே நின்றிருக்கிறார். இங்கே கோயம்புத்தூர் பார்ட்டி ஒருத்தர் வீடியோ காலில் இவருக்காகக் காத்திருக்க, நான் அசட்டுச் சிரிப்புச் சிரித்துச் சமாளித்துக்கொண்டிருந்தேன்.

திரும்பி வந்ததும் பிடித்துக்கொண்டேன். "அண்ணாச்சி, உங்களுக்கு மூளை இருக்கா, இல்ல அதையும் யாரும் கேட்டு வந்தாங்கன்னு குடுத்துட்டீங்களா?"

அவர் சிரித்தார். "வந்த மனுசனைப் போங்கன்னு எப்படித் தாயி சொல்ல? வாய் வரமாட்டேங்குது."

"எனக்கு நல்லா வருது. இனிமே நான் சொல்லுதேன்."

அப்படித்தான் எங்களுக்குள் இன்னொரு வேலைப் பிரிவினையும் ஏற்பட்டது. வாங்க என்பது அவர். போங்க என்பது நான். ஊரில் என்னை வாயாடி என்று சொன்னதற்குப் பாதிக் காரணம் அவர்தான்.

ஒருதரம் மதியச் சாப்பாடு கொண்டுவந்த அவர் மனைவி, டிபன் கேரியரை மேஜையில் டங்கென்று வைத்துவிட்டு என்னிடம் சொன்னார்: "பஸ் ஸ்டாண்டுல நேத்து ரெண்டு பஸ்ஸை விட்டுட்டோம்மா. எல்லாரையும் ஏறுங்க ஏறுங்கன்னு விட்டுட்டு இவிய கீழ நிக்காவ. மாட்டேங்கிற வார்த்தைய இவியளுக்கு டாக்டர்கிட்ட கூட்டிட்டுப் போயி ஊசியிலதான் ஏத்தணும்." அண்ணாச்சி கேரியரைத் திறந்து, "சாப்பிட வாங்க" என்று எங்கள் ரெண்டு பேரையும் கூப்பிட்டார். கோபப்படவும் விடமாட்டார், என்ன செய்ய.

இந்தக் குணத்தை வைத்து நாள் முழுக்கக் கேலி செய்யலாம். செய்தேன். ஆனால் அது அவர் எழுதுகிற புரோகிராமுக்குள்ளும் போய் உட்கார்ந்துகொள்ளும் என்று நான் நினைக்கவில்லை.

வெப்சைட்டில் தனியாக ஒரு வேலைக்கென்று சேர்த்து மாட்டுகிற சின்ன உறுப்புக்குப் பிளகின் என்று பேர். கிரைண்டரில் தேங்காய் துருவ ஒரு மூடி தனியாக மாட்டுகிறோம் இல்லையா, அந்த மாதிரி. அண்ணாச்சி சொந்தமாக ஒன்று எழுதினார். வெளியூர்க்காரர்கள் தங்கள் கோப்புகளை வெப்சைட்டுக்குள் போடுவதற்கான பெட்டி அது. போட்டோவும் பி.டி.எஃப்பும் மட்டும் வாங்கும், மற்றதைத் திருப்பிவிடும். அப்படித்தான் முதலில் ஒழுங்காக எழுதியிருந்தார்.

அதைப் புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டுக்கு மாட்டினோம். நாலாவது நாள் காலையில் யூனிட் முதலாளி போன் போட்டார். எனக்கே கேட்கும்படி கத்தினார்.

"அண்ணாச்சி, கடை தொறந்து முத போணி! கேரளாவுல இருந்து பார்ட்டி ஸ்கூல் யூனிபாரத்துக்கு எம்பிராய்டரி டிசைனை அனுப்புதான், உங்க பெட்டி வாங்க மாட்டேன்னு திருப்பி அனுப்பியிருக்கு. முத போணிய எவனாவது திருப்புவானா? எனக்கு இன்னைக்குப் பொழுது எப்படி ஓடும்?"

எங்கள் பக்கத்துக் கடைக்காரர்களைத் தெரிந்தவர்களுக்கு இது புரியும். காலையில் முதலில் வந்து நிற்கிற ஆளுக்கு, என்ன விலைக்குக் கேட்டாலும் ஒரு பொருளாவது கொடுத்துத்தான் அனுப்புவார்கள். இல்லை என்ற சொல் அந்த நேரத்தில் கடைக்குள் ஒலிக்கக் கூடாது. எம்பிராய்டரி மிஷினுக்கு என்று தனி வகைக் கோப்பு இருக்கிறது. அது அண்ணாச்சியின் பட்டியலில் இல்லை. அந்த ஒரு வகையைச் சேர்த்திருந்தால் போதும். ஆனால் அவர் முகம் வாடிவிட்டது. தன் பெட்டி ஒருத்தரை வாசலோடு திருப்பி அனுப்பிவிட்டது என்பதை அவரால் தாங்க முடியவில்லை. நாளைக்கு இன்னொருத்தன் இன்னொரு வகை கொண்டுவருவான், அவனையும் திருப்பிவிடுமே என்றார். எது வரலாம் என்று எழுதியிருந்த நாலு வரியை மொத்தமாக அழித்தார். எது வந்தாலும் வாங்கிக்கொள்ளும்படி ஆக்கினார்.

நான் என்ன செய்தேன் என்று கேட்பீர்கள். பச்சையில் அழகாக ஒரு டிக் அடையாளம் வரைந்து, 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று கீழே எழுதிக் கொடுத்தேன். எல்லோருக்கும் பிடித்திருந்தது. எங்கள் எல்லா வெப்சைட்டிலும் அதையே மாட்டினோம். டீச்சருடைய வெப்சைட்டிலும்.

டீச்சர் என்பது ஓய்வுபெற்ற ஒரு தலைமை ஆசிரியை. ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் மாதா கோவில் வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து, வசதியில்லாத வீட்டுப் பெண்களுக்கு வரன் பார்த்துக் கொடுப்பார். ஒருவரிடமும் எதுவும் வாங்கமாட்டார். நோட்டில் எழுதிவைத்திருந்ததை நாங்கள் வெப்சைட்டாக்கிக் கொடுத்தோம். பிள்ளைகளின் போட்டோ, ஆதார் நகல், சான்றிதழ் எல்லாம் அந்தப் பெட்டி வழியாக வரும். நாற்பது சொச்சம் பெண்கள் இருந்தார்கள். தீப்பெட்டி ஆபீஸில் வேலை பார்க்கிறவர்கள், தையல் யூனிட்டில் இருப்பவர்கள், புதூர், இடைசெவல் பக்கத்துக் காட்டு வேலைக்காரர்கள்.

தீபாவளிக்கு முன்னால் அண்ணாச்சிக்கு ஒரு மெயில் வந்தது. எந்த நாட்டு ஆளோ, பேரை வாசிக்கவே வரவில்லை. மரியாதையான இங்கிலீஷ். உங்கள் வரன் பார்க்கிற வெப்சைட்டில் உள்ள பெட்டி எதைப் போட்டாலும் வாங்கிக்கொள்கிறது, போட்டோவுக்குப் பதில் வேறு கோப்பைப் போட்டு யாரும் உள்ளே புகுந்துவிடலாம், நான் புகவில்லை, தயவுசெய்து சரி பண்ணுங்கள் என்று எழுதியிருந்தார். அண்ணாச்சி என்ன பதில் போட்டார் தெரியுமா? ரொம்ப நன்றி, எங்கள் ஊர்ப் பக்கம் வந்தால் அவசியம் வாருங்கள், கடலை மிட்டாய் வாங்கித் தருகிறேன் என்று. போட்டுவிட்டு, என்னதான் என்று பார்க்கப் பிளகினைத் திறந்தார்.

நான் எட்டிப் பார்த்தேன். "அண்ணாச்சி, இது ஃபிராடு மெயிலு. முதல்ல பயங்காட்டுவான், பொறவு துட்டு கேப்பான். மூடிவைங்க. தீபாவளி ஆர்டரு தலைக்கு மேல கிடக்கு."

"இல்ல தாயி, அந்த மனுசன் பாத்துட்டுத்தானே சொல்லுதான்…"

"எல்லாரையும் நம்புங்க நீங்க! ரோட்டுல போறவன் உங்க சட்டைய அவன் சட்டைன்னு சொன்னாலும் கழட்டிக் குடுப்பீங்க."

மூடிவைத்தார். என்னிடமும் அவருக்கு மாட்டேன் என்று சொல்ல வராதே.

எத்தனையோ வேண்டாத ஆட்களை உட்காரவைத்த மனுஷர், கேட்க வேண்டிய ஓர் ஆளுக்குக் காது கொடுத்தது அந்த ஒருநாள்தான். அந்த ஆளைத்தான் நான் துரத்திவிட்டேன். இதை இத்தனை வருஷத்தில் யாரிடமும் சொன்னதில்லை. இங்கே எழுதுகிறபோதும் முகம் சுடுகிறது.

தீபாவளி முடிந்து டீச்சர் போன் பண்ணினார். வெப்சைட்டைத் திறந்தால் சீட்டாட்ட விளம்பரம் வருகிறதாம். அண்ணாச்சி உள்ளே போய்ப் பார்த்தார். போட்டோக்கள் கிடக்கிற இடத்தில், போட்டோக்களுக்கு நடுவில், போட்டோ இல்லாத ஒன்று உட்கார்ந்திருந்தது. பேர் மட்டும் போட்டோ மாதிரி. உள்ளே முழுக்கக் கட்டளைகள். போட்டோ என்றால் போட்ட இடத்தில் சும்மா கிடக்கும். இந்த மாதிரிக் கோப்பு அப்படி இல்லை; அதன் முகவரியை வெளியில் இருந்து யாராவது தட்டினால் போதும், எழுந்து உட்கார்ந்து சொன்ன வேலையெல்லாம் செய்யும். அந்தக் கோப்பு வந்து மூன்று வாரம் ஆகியிருந்தது. வந்தவனுக்கும் என் பச்சை டிக் காட்டி, 'வந்து சேர்ந்தது, நன்றி' என்று சொல்லியிருக்கிறது எங்கள் பெட்டி.

அண்ணாச்சி அன்றைக்கு டீ குடிக்கவில்லை. டீச்சருடைய வெப்சைட்டை உடனே மூடிவைத்தார். அழித்த நாலு வரியைத் திரும்ப எழுதினார். அதோடு விடாமல், பேரை நம்பாமல் ஒவ்வொரு கோப்பையும் உள்ளே திறந்து பார்த்து வாங்கும்படி எழுதினார். வாங்கிய கோப்பு எதுவும் எழுந்து வேலை செய்ய முடியாத இடத்தில் கொண்டுபோய் வைத்தார். அந்த வெளிநாட்டுக்காரருக்கு மன்னிப்புக் கேட்டு எழுதினார். எங்கள் எல்லா வெப்சைட்டையும் சரிசெய்ய ரெண்டு நாள் ஆயிற்று. மற்ற இடங்களில் ஒன்றும் நுழையவில்லை.

அதோடு முடித்திருக்கலாம். நான் அப்படித்தான் சொன்னேன். ஆனால் அந்த மூன்று வாரத்தில் பெண்களின் போட்டோவையும் ஆதாரையும் எவனும் எடுத்துப்போனானா இல்லையா? யார் வந்தார்கள், எதை எடுத்தார்கள் என்ற பதிவுகள் சில நாட்களுக்குமேல் சர்வரில் நிற்பதில்லை. போயிருக்கலாம், போகாமலும் இருக்கலாம். எவனாவது நாளைக்கு அந்தப் போட்டோவை வைத்துக்கொண்டு ஒரு பெண்ணைப் பயமுறுத்தினால், அது எங்கே இருந்து போனது என்றுகூட அவளுக்குத் தெரியாது.

"அந்தப் பிள்ளைகட்ட சொல்லணும் தாயி" என்றார் அண்ணாச்சி.

டீச்சர் வீட்டுக்குப் போனோம். அவர் விஷயத்தைக் கேட்டு வெகுநேரம் ஜெபமாலையை உருட்டிக்கொண்டிருந்தார். பிறகு அழுதுவிட்டார்.

"தம்பி, உங்கள கையெடுத்துக் கும்பிடுதேன், யாருக்கும் சொல்லாதீங்க. பொட்டப்பிள்ளைக போட்டோ வெளிய போயிருச்சுன்னு ஒரு பேச்சு கிளம்பினாப் போதும். நாலு கல்யாணம் பேசி முடிஞ்சிருக்கு, நாலும் நின்னுபோகும். தப்பு செஞ்சவன் எங்கயோ இருப்பான், பேரு கெடுறது இந்தப் பிள்ளைகளுக்கு."

அவர் சொன்னதில் நியாயம் இல்லாமல் இல்லை. எனக்கு அதுவே சரி என்று பட்டது. அண்ணாச்சி எப்படியும் சரி டீச்சர் என்பார், எழுந்து போகலாம் என்று நான் கைப்பையைக்கூட எடுத்துவிட்டேன்.

"மாட்டேன் டீச்சர்" என்றார் அவர்.

நான் திரும்பிப் பார்த்தேன். குரல் உயரவில்லை. கை மட்டும் வேட்டி ஓரத்தை முறுக்கிக்கொண்டிருந்தது.

"ஊருக்குச் சொல்ல மாட்டேன். போன்லயும் சொல்ல மாட்டேன், அது நாலு காது மாறிப் போயிரும். ஒவ்வொரு வீடாப் போயி அந்தந்தப் பிள்ளைகிட்ட மட்டும் சொல்லிட்டு வாரேன். சொல்லாம இருக்க மாட்டேன். தப்பு என்னோடது."

"இல்ல டீச்சர், அந்த மெயில் வந்தப்ப நான்தான்…" என்று ஆரம்பித்தேன்.

"தாயி, குடை எடுத்தாந்தியா? மழை வாரமாதிரி இருக்கு" என்றார் அண்ணாச்சி. அதற்குமேல் என்னைப் பேசவிடவில்லை. அந்த மெயிலைப் பற்றி அன்றைக்கும் சொல்லவில்லை, பிறகும் சொல்லவில்லை. எனக்கு அந்த மனுஷனை எவ்வளவு பிடிக்கும் என்பது அந்த நிமிஷம்தான் எனக்கே தெரிந்தது.

ஓர் ஆண் தனியாகப் போய் வீடு வீடாகப் பெண்பிள்ளையைக் கூப்பிட்டுப் பேச முடியாது, நானும் போனேன். அவர் வண்டி ஓட்டினால் எதிரில் வருகிற மாட்டுக்கெல்லாம் வழிவிட்டு ஊர் போய்ச் சேரமாட்டோம். ஆகவே என் ஸ்கூட்டி, அவர் பின்னால். கார்த்திகை மழை. ஊர்ப் பாதைகளில் கரிசல் மண் சக்கரத்துக்கும் மட்கார்டுக்கும் நடுவில் அப்பிக்கொண்டு வண்டி நின்றுவிடும். கருவேலங்குச்சி ஒடித்து அவர் ஒரு பக்கமும் நான் ஒரு பக்கமும் நோண்டி எடுத்துவிட்டு மறுபடி கிளம்புவோம்.

இடைசெவலில் ஒரு தகப்பனார் முழுவதும் கேட்டுவிட்டு, "எங்க வீட்டுப் பத்திரம் ஒண்ணும் போகலைல்ல?" என்றார். இல்லை என்றதும், "அப்ப சரி" என்று பருத்திக்கு மருந்தடிக்கப் போய்விட்டார். அண்ணாச்சி விடவில்லை. அந்தப் பெண்ணிடம், யாராவது போட்டோவை அனுப்பி மிரட்டினால் பயப்படாமல் தன்னைக் கூப்பிடச் சொல்லி, நம்பரை அவள் போனில் அவரே பதிந்து கொடுத்தார். இன்னொரு வீட்டில் அம்மாக்காரி தெருவில் வைத்தே பிடித்துக்கொண்டார். "பொட்டப்பிள்ள போட்டோவ வாங்கிக் காக்கத் தெரியாதவன் என்னத்துக்குய்யா வாங்குன?" அண்ணாச்சி செருப்பைக் கழற்றிவிட்டுத் தலைகுனிந்து நின்றார். நான் பதில் சொல்ல வாயெடுத்தேன். "கேக்கட்டும் தாயி. அவிய கேக்கது சரிதானே" என்றார்.

கடைசி வீடு புதூரைத் தாண்டி. அந்தப் பெண் புதியம்புத்தூரில் ஒரு தையல் யூனிட்டில் தங்கி வேலை பார்த்தாள், ஞாயிற்றுக்கிழமைதான் வீட்டில் இருப்பாள். அதனால் டீச்சர் முன்கூட்டியே போன் செய்து, "ஞாயித்துக்கிழமை என் ஆளுக ரெண்டு பேரு வருவாவ, வீட்டுல இருங்க" என்று மட்டும் சொல்லிவைத்திருந்தார்.

வரன் பார்க்கிற டீச்சர் ரெண்டு பேர் வருவார்கள் என்று சொன்னால் அந்த வீட்டில் என்ன நினைப்பார்கள்? எங்களுக்கு இது உறைக்கவே இல்லை. போய் இறங்கினால் வாசல் தெளித்திருக்கிறது. அக்கம்பக்கத்தில் வாங்கிப் போட்ட நாற்காலிகள். தட்டில் கேசரி, மிக்சர், வாழைப்பழம். வெள்ளை வேட்டி கட்டிய அண்ணன்காரன், "வாங்க வாங்க, வழி சிரமமா இருந்ததா?" என்று வண்டியைப் பிடிக்க வருகிறான். உள்ளே இருந்து அந்தப் பெண் பட்டுச் சேலையும் கனகாம்பரமும் வைத்துக் காபி கொண்டுவருகிறாள். எனக்குத் திக்கென்றது. அண்ணாச்சி டம்ளரை வாங்கிவிட்டார், வழக்கம்போல. பாதிக் காபி வேட்டியில் சிந்தியது.

"மாப்பிள்ளைக்கு என்ன வேலை?" என்றான் அண்ணன்காரன்.

இந்த ஆளுக்கு இங்கே வாய் வராது, நான்தான் சொல்லியாக வேண்டும் என்று நினைத்தேன். அண்ணாச்சி டம்ளரைக் கீழே வைத்துவிட்டு எழுந்து நின்றார். "நாங்க மாப்பிள்ளை வீட்டுக்காரங்க இல்ல. மன்னிச்சிருங்க. ஒரு தப்பு நடந்துபோச்சு" என்று ஆரம்பித்து, ஒன்றையும் மறைக்காமல் சொன்னார்.

அம்மா சுவரில் சாய்ந்துவிட்டார். அண்ணன்காரன் முகம் சிவந்துவிட்டது. அந்தப் பெண் மட்டும் சட்டென்று சிரித்துவிட்டாள். முந்தானையால் வாயை மூடிக்கொண்டு, "அப்ப பொண்ணு பாக்க வரலையா?" என்றாள். பிறகு சிரிப்பு நின்றது. "எந்தப் போட்டோ? காட்டுங்க" என்றாள்.

காட்டினார். யாரோ ஒரு தோழி கல்யாணத்தில் எடுத்தது. நாலு பேரில் இருந்து இவளை மட்டும் வெட்டி எடுத்திருக்கிறார்கள். தோளில் இன்னொருத்தி கை மட்டும் மிச்சம் இருந்தது. அவள் அதை வெகுநேரம் பார்த்தாள். அண்ணனைப் பார்த்தாள். அவன் வேறு பக்கம் திரும்பிக்கொண்டான்.

"அண்ணாச்சி, உள்ள வந்த திருடன் யாருன்னு இம்புட்டு நாளா தேடுதீங்க. வீடு வீடா வருதீங்க, நல்லதுதான். என் போட்டோவ உள்ள போட்டது யாருன்னு கேட்டீங்களா? இப்படி ஒண்ணு அங்க கிடக்கதே எனக்கு இன்னைக்குத்தான் தெரியும். எங்கிட்ட ஒரு வார்த்தை யாரும் கேக்கலையே."

அண்ணாச்சிக்கு முகம் செத்துப்போனது. என்னென்ன திட்டெல்லாமோ கேட்டுவிட்டு வந்த மனுஷன், இதைக் கேட்டு உட்கார்ந்துவிட்டார்.

"கேக்கல தாயி" என்றார். "கேட்டிருக்கணும். கேக்கல."

பிறகு வெப்சைட்டில் அந்தப் போட்டோ கிடக்கிற இடத்தைத் திறந்து போனை அவள் கையில் கொடுத்தார். "நீயே அழிச்சிரு."

"ஏ பிள்ள, என்ன செய்யுத நீ?" என்று அண்ணன்காரன் எழுந்தான்.

"உக்காருங்க தம்பி. அது அவ போட்டோ" என்றார் அண்ணாச்சி. நிச்சயமாக அழிக்கவா என்று போன் கேட்டது. அவள் அழித்தாள். கேசரியைச் சாப்பிட்டுவிட்டுத்தான் போக வேண்டும் என்று எங்களைப் பிடிவாதமாக உட்காரவைத்தாள்.

வழியில் வண்டி மறுபடி நின்றது. மண்ணை நோண்டிக்கொண்டே அண்ணாச்சி சொன்னார்: "எந்தக் கோப்பு வரலாம்னு எழுதிட்டேன். யாரைக் கேட்டு வாங்கணும்னு எழுதலையே தாயி." எனக்கு அழுகை வந்துவிட்டது. "பேசாம நோண்டுங்க, இருட்டிரும்" என்று அதட்டினேன்.

டீச்சரின் வெப்சைட் மறுபடி திறந்தபோது புது வழக்கம் ஒன்று வந்தது. யார் போட்டோ அனுப்பினாலும் உடனே ஏறாது. அந்தப் பெண்ணிடமே போனில் கேட்ட பிறகுதான். தீப்பெட்டி ஆபீஸிலும் தையல் யூனிட்டிலும் மத்தியானச் சாப்பாட்டு நேரத்தில்தான் போன் எடுப்பார்கள். அண்ணாச்சி தன் சாப்பாட்டை மூடிவைத்துவிட்டு ஒவ்வொருத்தராகக் கூப்பிடுவார். "இப்படிக் கேட்டுக்கிட்டிருந்தா ஒரு கல்யாணமும் நடக்காது தம்பி" என்று டீச்சர் சலித்துக்கொண்டார், ஆனாலும் தடுக்கவில்லை. சில பெண்கள் வேண்டாம் என்றார்கள். அப்போது அண்ணாச்சி முகத்தைப் பார்க்க வேண்டுமே! "வேண்டாமா? சரி தாயி, ரொம்ப சந்தோசம்" என்பார், ஏதோ நல்ல சேதி கேட்டவர் போல.

தாங்கள் அனுப்பிய போட்டோவை ஏன் போடவில்லை என்று சண்டைக்கு அப்பாமார்கள் மாடியேறி வருவார்கள். அவர்களையும் வாங்க என்பார், டீ சொல்வார். அந்தப் பெண் வேண்டாம் என்றாள் என்று மூச்சுவிட மாட்டார். "நான் என்ன செய்யய்யா, பெட்டி வாங்க மாட்டேங்குது" என்று பிளகின் மேல் பழியைப் போடுவார். பெட்டி இப்போது எல்லாவற்றையும் சோதித்துத் திருப்புகிறது என்று ரெண்டு தையல் யூனிட்காரர்கள் எங்களை விட்டுப் போய்விட்டார்கள். அவர் அதைப் பெரிதாக நினைக்கவில்லை, நான்தான் கொஞ்ச நாள் முணுமுணுத்தேன்.

நான் ஓசூர் வருவதற்குக் கொஞ்சம் முன்னால், ஒரு மத்தியானம். பெட்டியில் ஒரு போட்டோ வந்து விழுந்தது. அண்ணாச்சி என்னைக் கூப்பிட்டுக் காட்டினார். புதூர்ப் பெண். தையல் மிஷின் முன்னால், கழுத்தில் இஞ்ச் டேப், சிரிக்காமல் நேராகப் பார்க்கிறாள். அவளே எடுத்தது. தொடர்புக்கு என்ற இடத்தில் அண்ணன் நம்பர் இல்லை, அவள் நம்பர்.

"அப்படியே ஏத்திருங்க, அவதானே அனுப்பியிருக்கா" என்றேன்.

அவர் போனை எடுத்து அவளைக் கூப்பிட்டு, ஸ்பீக்கரில் வைத்தார். "தாயி, உன் போட்டோ வந்திருக்கு. போடவா?"

அவள் சிரித்தாள். "என்ன அண்ணாச்சி, நான்தானே அனுப்பினேன்!"

"தெரியும் தாயி. இருந்தாலும் கேக்கணும்ல."

அந்தப் பக்கம் சாப்பாட்டு டப்பாவை மூடிவைக்கிற சத்தம் கேட்டது. அவள் மூக்கை உறிஞ்சினாள்.

"போடுங்க அண்ணாச்சி" என்றாள்.